மஞ்சள் காருக்கு நட்டு மாட்டிய டப்பா

"நெருப்பில்லாமப் புகையுமா?" என்று கேட்கிறாள் எதிர்வீட்டுத் தையற்காரி. கேட்கட்டும். புகை எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டுமானால் இஞ்சினைத் திறந்து பார்க்கவேண்டும். வாயைத் திறந்தால் தெரியாது.

நட்டு பல் டாக்டரோடு ஓடிப்போய்விட்டாளாம்! எந்தப் பல் டாக்டர்? காரில் ஒரு கீறல் விழுந்தால் பச்சைப்பிள்ளை போல முகம் சுருங்குகிறவர், மனைவி போன் செய்தால் எழுந்து நின்று பேசுகிறவர், அவரா? அவருடைய மஞ்சள் கார் போன அதே நேரத்தில் இவளும் போனாளாம், அதனால் அவரோடுதான் போயிருப்பாளாம். கார் இழுவை வண்டியில் ஏறி இடப்பக்கம் போனது. அவள் கால்நடையாக வலப்பக்கம் போனாள். இது தையற்காரியின் ஜன்னலிலிருந்தே தெரியும். ஆனால் நரம்பில்லாத நாக்குக்கு இடம் வலம் ஏது? அது நினைத்த பக்கம் திரும்பும்.

நடந்ததை யாரும் சொல்லாமல் இருந்தால் நடக்காதது நடந்ததாகிவிடும். அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நட்டு என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். தவழும் வயதில் அப்பாவின் பட்டறையில் ஒரு நட்டை எடுத்து விழுங்கிவிட்டாள். அது வெளியே வரும்வரை வீடே அவள் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தது. வந்ததும் அப்பா அதைக் கழுவித் துடைத்து யாரோ ஒருவர் வண்டியிலேயே போட்டுவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா போன பிறகு பட்டறை அண்ணன் கைக்கு வந்தது. வாசலில் தொங்குகிற போர்டில் அண்ணன் பெயர். வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற கால்கள் நட்டுவுடையவை. மேல்மாடியில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள். கீழே மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் இவள்; சாப்பாட்டுக்கு மட்டும் மேலே போவாள். கல்யாணம் கேட்டு வந்தவர்கள் அவளுடைய ஆயில் ஏறிய நகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். "நகத்தைப் பார்த்து ஓடுறவன் நாளைக்கு நரையைப் பார்த்து ஓடுவான்" என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி தயாரானதும் சாவியை அவள்தான் கொடுப்பாள். கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்தோம், இதைச் செய்யவில்லை, இது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், இது தாங்காது என்று தன் வாயால் சொல்லுவாள். படித்தவர், பாரவண்டிக்காரர் எல்லோருக்கும் ஒரே பேச்சுத்தான். அண்ணன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், ஆட்கள் நட்டு வாய் திறக்கும்வரை சாவிக்குக் கை நீட்டமாட்டார்கள். அவளிடம் இருந்த சொத்து அந்த வாய்ச்சொல் ஒன்றுதான்.

பல் டாக்டரின் கார் தரையோடு தரையாகக் கிடக்கிற ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே ஏறவேண்டுமானால் அவர் குடை மாதிரி மடங்கவேண்டும். அதன் இஞ்சின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. நட்டு பிரித்துப் பார்த்தாள். பிஸ்டனைச் சுற்றி வளையல் போலப் போட்டிருக்கிற ரிங்குகள் தேய்ந்துபோயிருந்தன. புது ரிங்குக்குச் சொல்லிவிட்டாள். அது வருவதற்குள் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து கீழே வந்தபோது இஞ்சின் பூட்டி முடிந்திருந்தது.

"புது ரிங் போட்டாச்சா, அண்ணே?"

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ போய் சாவியைக் குடு. காலையிலேர்ந்து நிக்கிறாரு."

கூடப்பிறந்தவன் சொன்னான், நம்பினாள். டாக்டரிடம் போய், "புது ரிங் போட்டாச்சு டாக்டர். தைரியமா ஓட்டுங்க" என்றாள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மடங்கி ஏறிப் போனார்.

சில வாரத்தில் திரும்பி வந்தார். பின்னால் நீலப் புகை. நட்டு பானட்டைத் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

"ஸ்போர்ட்ஸ் கார்ல இதெல்லாம் சகஜம் டாக்டர். நீங்க ஓட்டுற வேகத்துக்கு ஆயில் ஆவியாகி மறுபடி இஞ்சினுக்குள்ளயே போய் எரியுது. வழியில ஒரு கேட்ச் கேன் மாட்டிட்டா போதும். புகை நின்னுடும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. வேகமாக ஓடும் இஞ்சினில் அடியிலிருந்து கிளம்புகிற ஆவியோடு கொஞ்சம் ஆயிலும் சேர்ந்துகொண்டு, காற்று போகிற பாதையில் நுழைந்து கரி படியவைக்கும். நடுவில் ஒரு சின்ன உலோக டப்பாவை வைத்தால் ஆயில் உள்ளேயே தங்கிவிடும். வெறும் ஆவி மட்டும் மேலே போகும். அவ்வப்போது அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டால் ஆயிற்று. நட்டுவும் தலையாட்டினாள். உண்மையைக் கொண்டே ஒருவன் பொய்யைப் போர்த்துவான் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அண்ணன் நாலுபக்கமும் மூடிய கறுப்பு டப்பா ஒன்றை வாங்கி வந்தான்.

"இதுல உள்ளே எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"பார்க்க அழகா இருக்குல்ல?"

"அழகுக்கு வைக்க இது என்ன பூ ஜாடியா?"

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் கண்ணாடிக் குழாய் வைத்த டப்பாவாகப் பார்த்து அவளே வாங்கி வந்தாள். ஹோஸும் அப்படித்தான். தண்ணீருக்கு வைத்திருந்ததை எடுத்து நீட்டினான் அண்ணன். "ஆயில் பட்டா இது ஊறி உப்பிடும்" என்று தள்ளிவிட்டு, ஆயில் தாங்குகிற ஹோஸைத்தான் போட்டாள். சைலன்சர் குழாயின் சூடு படாத மூலையாகப் பார்த்துத் தகட்டை வளைத்துப் பட்டி செய்து டப்பாவை நிறுத்தினாள். இஞ்சின் தலையிலிருந்து ஆவி வரும் ஹோஸை டப்பாவின் ஒரு வாயில் மாட்டினாள்; காற்றுப் பாதைக்குப் போகும் ஹோஸை இன்னொரு வாயில். நான்கு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கி, விரலால் இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "நான் பல்லுக்குப் போடற கிளிப் மாதிரியே இருக்கே!"

"உங்க கிளிப் வலிக்கும் டாக்டர். இது வாயே திறக்காது. அடுத்த வாரம் கொண்டு வாங்க, எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்க்கிறேன்."

அடுத்த வாரம் காலையில் காரை விட்டுவிட்டு அவர் கிளினிக்குக்குப் போனார். புகை குறைந்திருக்கிறது என்று முகமெல்லாம் சிரிப்பு. நட்டு பானட்டைத் தூக்கினாள். கண்ணாடிக் குழாயில் ஆயில் கழுத்துவரை நின்றது.

நல்ல இஞ்சினாக இருந்தால் ஒரு வாரத்தில் டப்பாவின் அடி நனைந்திருக்கும், அவ்வளவுதான். முதலில் தன் வேலையைத்தான் சந்தேகப்பட்டாள். ஹோஸை மாற்றி மாட்டிவிட்டோமா, பட்டி எங்காவது ஹோஸை நசுக்குகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். எல்லாம் சரியாக இருந்தது. இஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி, சும்மா வாயின் மேல் வைத்தாள். கொதிக்கிற பானையின் மூடி போல அது குதித்தது. உள்ளங்கையை வைத்தாள். கையைத் தள்ளியது காற்று. ரிங் தேய்ந்திருந்தால்தான் எரிகிற வாயு பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து இப்படித் தள்ளும்; புது ரிங் போட்ட இஞ்சின் இப்படி மூச்சு வாங்காது.

இஞ்சினை அணைத்துவிட்டு அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, ரிங் போட்டியா, போடலையா?"

அவன் டீ டம்ளரைப் பார்த்தான். "சைஸ் மாறி வந்துடுச்சு. அந்த ஆளு ஞாயித்துக்கிழமை ஓட்டியே ஆகணும்னு உயிரை எடுத்தாரு. பழசையே போட்டு மூடிட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னுதான்…"

"அப்புறம்னு ஒரு கிழமை காலண்டர்ல இருக்கா?"

"கத்தாதே. டப்பாவைக் காலி பண்ணிடு. அவரு வர்றப்பல்லாம் முன்னாடியே காலி பண்ணி வை. புகை குறைஞ்சிடுச்சுன்னு அவரே சொல்றாரு."

"ரோட்டுல போன புகை டப்பாவுல உட்கார்ந்திருக்கு. அதுக்குத்தானே கறுப்பு டப்பா வாங்கிட்டு வந்தே?"

"உனக்கு என்ன போச்சு? போர்டுல இருக்கிறது என் பேரு."

"ரிங் போட்டாச்சுன்னு சொன்னது என் வாய். போர்டு உன்னுது. வாய் என்னுது, அண்ணே."

சத்தம் கேட்டு அண்ணி பாதிப்படி இறங்கி வந்தாள். "கூடப்பிறந்தவரைக் காட்டிக்குடுத்துட்டு இந்த வீட்டுல எப்படித் தூங்குவே?"

"நான் எங்கே அண்ணி காட்டிக்குடுத்தேன்? டப்பா காட்டிக்குடுத்துச்சு. அதை மாட்டச் சொன்னதும் அண்ணன்தான்."

"இவளுக்கு நட்டு கழண்டுபோச்சு" என்றான் அண்ணன்.

"கழண்டா நானே மாட்டிக்குவேன். எனக்கு யார் கையும் வேண்டாம்."

மத்தியானம் டாக்டர் வந்தார். அண்ணன் ஓடிப்போய் எதிர்கொண்டான். "எல்லாம் பிரமாதம் டாக்டர்!" நட்டு பானட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள். டப்பாவை அவள் காலி செய்திருக்கவில்லை.

"டாக்டர், புது ரிங் போட்டாச்சுன்னு அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேன். போடலை. பழசுதான் உள்ளே இருக்கு. இதோ பாருங்க, ஒரு வாரத்து ஆயில். எனக்குத் தெரியாம நடந்துச்சு. ஆனா சொன்னது நான். தப்பு என்னுது. மன்னிச்சுக்குங்க."

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதாலதானே நான் எடுத்துட்டுப் போனேன்?"

"ஆமா."

"இனிமே நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. வேற யாரையாவது வச்சுப் பிரிச்சுப் பாருங்க."

அவர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. தள்ளிப்போய் நின்று இழுவை வண்டிக்குப் போன் செய்தார். ஓடிப்போன ஜோடி கடைசியாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். தையற்காரி இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இனிமே இந்தப் பட்டறையில ஸ்பேனரைத் தொடாதே. மாடிப்படியும் ஏறாதே."

நட்டு குழாயடிக்குப் போய்ச் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அது என்றைக்கும் போனதில்லை. அறைக்குப் போய்த் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

"எங்கே போவே? உன்னை யாரு வேலைக்கு வைப்பா?" என்றான் அண்ணன். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாளைக்கு வந்து மன்னிப்புக் கேட்டா, அண்ணிகிட்ட பேசிப் பார்க்கிறேன்."

"நான் கேட்கவேண்டியவர்கிட்ட கேட்டுட்டேன். நீதான் இன்னும் கேட்கலை."

இழுவை வண்டிக்காகக் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பள்ளிக்கூட வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் வேன் பாதி வேலையில் ஜாக்கியின் மேல் நின்றது. இவள் பையைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"நட்டக்கா, அப்ப என் பிரேக்கு?"

"பின்சக்கரம் ரெண்டுக்கும் நான் புதுசு போட்டுட்டேன், தம்பி. முன்னாடி இன்னும் போடலை" என்றாள் நட்டு. அண்ணன் காதிலும், மாடி ஜன்னலில் நின்ற அண்ணி காதிலும் விழும்படி உரக்கவே சொன்னாள். "போட்டாச்சுன்னு யாராவது சொன்னா, சக்கரத்தைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. பார்த்த பிறகு சாவியை வாங்குங்க."

சொல்லிவிட்டு, இழுவை வண்டி கேட்டைத் தாண்டட்டும் என்று ஓரமாக நின்றாள். அது தாண்டியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.