அக்கா விட்டுவைத்த இடங்கள்

அக்கா இல்லாமல் ஒரு வருடத்தை எப்படியோ கடந்துவிட்டோம். அவரது ஆண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரையும், நாங்கள் இருவரும் பாடிய கடைசி ஒலிநாடாவையும் தருகிறோம்.

அக்கா திருகோணமலையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனதோடு, அங்கே வேலை செய்த, எங்களைப் பெற்ற ஐயாவின் பிழைப்பும் போனது. அக்கா படிப்பை விட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்தார். எங்கள் லிங்கநகரில் அவர் தைத்த சட்டையைப் போடாத பிள்ளை இல்லை. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

தைத்துக்கொண்டே, கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டுகளைப் பாடுவார். அம்பாவில் ஒருவர் அடியெடுக்க மற்றவர் ஏற்றுப் பாடவேண்டும். அக்கா அடியெடுப்பார், நான் ஏற்பேன். கோயில் திருநாளில் தொடங்கி மூதூர், தோப்பூர் மேடைகள்வரை அப்படியே பாடினோம். நான் கொஞ்சம் இழுத்துப் பாடுவேன். மேடையிலேயே கிள்ளுவார். “என்னடி இந்த இழுவை? சனம் வீட்டை போகவேணாமோ?” என்பார். அந்தக் கிள்ளுக்கு இப்போது ஏங்கிக் கிடக்கிறேன்.

நான் கட்டைபறிச்சானில் வாழ்க்கைப்பட்ட பின்னர் அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. இனிப் பாடக்கூடாது என்றார் வைத்தியர். “பாடாமல் இருக்க ஏலாது. உள்ள பாட்டுகளை ரேப்பில பதிஞ்சுபோட்டு ஓய்வாய் இருக்கிறன். அவளை வரச் சொல்லுங்கோ” என்று எனக்கு ஆள் அனுப்பினார். குறித்த நாளில் பலத்த காற்று. மூதூரிலிருந்து கடல் கடந்து வரும் லோஞ்ச் படகு ஓடவில்லை. மறுநாள் ஓடியது. நான்தான் போகவில்லை. வயலில் நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும், அக்கா எங்கே போய்விடப் போகிறார் என்று நின்றுவிட்டேன்.

மூன்று நாள் என் வழி பார்த்திருந்த அக்கா, தனியாகவே பாடினார். நான் ஏற்கவேண்டிய இடங்களில் வாய் திறக்காமல் கையால் தாளம் மட்டும் தட்டியிருந்தார். “அவள் வந்து பாடுவாள், இடத்தை வெட்டிப்போடாதீங்கோ” என்று, பதிவுசெய்த கிண்ணியா முஸ்லிம் அண்ணனான நானாவிடம் சொன்னாராம். அதிலிருந்து பத்தாம் நாள் அக்கா போய்விட்டார். நான் வந்து சேர்ந்தது அடக்கத்துக்குத்தான்.

எட்டு மாதம் எனக்குப் பாட்டு வரவில்லை. பிறகு நானா ஒரு மெசினில் அக்காவின் குரலை ஓடவிட்டார். அவர் விட்ட இடங்களில் நான் பாட, இருவரையும் மற்ற மெசின் பதிந்தது. வழக்கம்போல இழுத்தேன். அக்கா அதற்குள் அடுத்த அடியை எடுத்துவிட்டார், குரல்கள் முட்டிக்கொண்டன.

“திரும்ப எடுப்பமோ, தங்கச்சி?”

“வேணாம் நானா, கிடக்கட்டும். அக்காட்ட ஏச்சு வாங்கின மாதிரி இருக்கு.” சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

கடைசிப் பாட்டில் அக்கா முதலடி எடுத்தார். இடம் விட்டார். நெடுநேரம் தாளம் மட்டும் கேட்டது. பிறகு, நான் இழுப்பதுபோலவே இழுத்து, என் அடியையும் அவரே பாடினார். பாட்டு முடியும்வரை அப்படித்தான்.

“அந்த இடங்களில அக்காட சத்தத்தைக் குறைச்சு விடுறன். அதுக்கு மேல நீங்க பாடலாம்” என்றார் நானா. நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்த வைத்தியருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்து அருகிலிருந்த அயலவர்களுக்கும், பங்குமக்களுக்கும், பொறுமையின் மறுபெயரான நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாடாவைக் கேட்கும் உறவுகளே, கடைசிப் பாட்டில் என் குரல் எங்கே என்று தேடாதீர்கள். அக்கா என் வரவைப் பார்த்துப் பார்த்து, என்னைக் காணாமல்தான் அதைப் பாடினார்.