மூன்றாம் வகுப்பு அறையின் அளவு

என் நண்பன் செந்தில்குமார் பொய்யே சொல்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கேயாவது தாமதமாக வந்தால் கிண்டியில் டிராஃபிக் என்பான். ஆனால் அளவில் பொய் சொல்ல மாட்டான். அது அவன் பிழைப்பு. போன நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குறித்த எண்களை அவனுடைய நோட்டில் நானே பார்த்தேன். அதனால்தான் இது நடந்தது என்கிறேன்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். நூறு வருடம் தாண்டிய கட்டடம், மூடி நாலு வருடமாகிறது. இடிப்பதற்கு முன் அறை அறையாக அளந்து வரைபடம் போட வேண்டும், கட்டடத்தின் பழைய வரலாற்றையும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அலுவலகத்து இன்ஜினியர் செந்திலை அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் மனைவி கயலுக்கு எட்டாவது மாதம். இந்த வேலையைச் சொதப்ப முடியாது.

வாட்ச்மேன் பொன்னுரங்கம் பூட்டைத் திறந்துவிட்டார்.

"நீ அளந்துகினு இரு நைனா. நா ஒரு டீ அட்ச்சிட்டு வந்துர்றேன்."

மதியம் 2.50. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆறு அறைகளை முடித்துவிட்டு, 3.12க்கு அவன் கடைசி அறைக்குள் போனான். கதவில் மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. பெஞ்சு இல்லை, மேஜை இல்லை. வெறும் தரை. எதிர்ச் சுவரில் கரும்பலகை. கதவு அந்தக் கரும்பலகைக்குப் பக்கத்தில்.

பின்சுவரில் முதுகை ஒட்டி நின்று, தூரம் அளக்கும் லேசர் கருவியை நெஞ்சு உயரத்தில் பிடித்து அழுத்தினான். பீப். கரும்பலகையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. 24 அடி 3 அங்குலம்.

எதையும் இரண்டு முறை அளப்பது அவன் வழக்கம். மறுபடி அழுத்தினான்.

பீப். 20 அடி 8 அங்குலம்.

கை ஆடியிருக்கும் என்று நினைத்தான். கருவியின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். மறுபடி அழுத்தினான். 17 அடி 1 அங்குலம். நிமிர்ந்து பார்த்தான்... கரும்பலகையில் சிவப்புப் புள்ளி இல்லை. சுவரில் எங்குமே இல்லை.

நடுவில் எதன் மீதோ படுகிறது. ஆனால் நடுவில் எதுவும் இல்லை.

கருவியைக் கீழே இறக்கி, முழங்கால் உயரத்தில் வைத்து அழுத்தினான். புள்ளி சுவரில் பளிச்சென்று தெரிந்தது. 24 அடி 3 அங்குலம். மறுபடி நெஞ்சு உயரம். 13 அடி 6.

தரையிலிருந்து இரண்டடி வரை காலி. அதற்கு மேலேதான் ஏதோ நிற்கிறது. தரையைத் தொடாமல்.

இல்லை, நிற்கவில்லை. வருகிறது.

"யாருங்க?" என்றான்.

டக்... டக்... பலகை மேல் செருப்புச் சத்தம். அறையில் பலகையே கிடையாது.

9 அடி 2.

நேரம் 3.17. வெளியே மழை கொட்டத் தொடங்கியது. பின்னால் சுவர். கதவு அந்தப் பக்கம். அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

6 அடி.

அவன் தரையில் படுத்தான். கீழேதானே காலி? கருவியை முன்னால் நீட்டியபடி ஊர்ந்தான். பீப். 22 அடி. பீப். 19.

டக்... டக்... தலைக்கு மேலே.

மூச்சை அடக்கிக்கொண்டான். சத்தம் அவனைத் தாண்டிப் போனது.

பீப்.

1 அடி 2 அங்குலம்.

முகத்துக்கு நேரே. தரையோடு தரையாக.

ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காதருகே ஒரு குரல். சின்னக் குரல்.

"டீச்சர் வூட்டுக்குப் பூட்டாங்களா?"

ஏன் பதில் சொன்னான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சொன்னான்.

"இன்னும் இல்ல."

...

எப்படி வெளியே வந்தான் என்பதும் நினைவில்லை. கேட்டருகே பொன்னுரங்கம் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது? மழைல ஏன் நிக்கிற?"

மறுநாள் அந்த ஓர் அறை இல்லாத வரைபடத்தைக் கொடுத்துத் திட்டு வாங்கினான். வேறொருவரை அனுப்பினார்கள். அவர் பத்து நிமிடத்தில் அளந்துவிட்டு வந்தார். எந்த உயரத்திலும் 24 அடி 3 அங்குலம்தான்.

வரலாற்றுப் பக்கம் பாக்கி இருந்தது. அதற்காகப் புதன்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் இருந்த நீரஜா மாமியைப் பார்க்கப் போனான். அறுபதுகளில் அங்கே படித்தவர். தனக்கு நடந்ததை அவன் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு அறையைப் பற்றி மட்டும் கேட்டான்.

மாமி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்க மர மேடை இருந்துது. ரூமுல பாதிக்கு மேல அதுதான். ரெண்டடி ஒசரம். டீச்சர் அது மேலதான் நடந்துண்டே பாடம் எடுப்பா. பக்கவாட்டுல சின்னக் கதவு, வெளியில கொக்கி. தப்புப் பண்ணினா அடியில போட்டுடுவா. பத்து நிமிஷம்."

"அப்புறம்?"

"தேவானைன்னு ஒரு பொண்ணு. கால்வாய் ஓரத்துக் குடிசைலேர்ந்து வருவா. ஒருநாள் டீச்சர் அவளை உள்ள போட்டா. அன்னிக்குன்னு பாத்துப் புயல்னு சொல்லி அவசரமா பெல் அடிச்சுட்டா. எல்லாரும் ஓடிட்டோம். டீச்சரும்தான். ஒம்போது நாள் லீவு. குடிசையெல்லாம் வெள்ளத்துல போயிடுத்து. பொண்ணையும் தண்ணி அடிச்சுண்டு போயிடுத்துன்னு அவ அம்மா நெனச்சுண்டா. யாரும் ஸ்கூல்ல தேடலை."

செந்தில் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"ஸ்கூல் தொறந்த அன்னிக்கு டீச்சர் அந்த மேடை மேல நின்னுண்டு அட்டெண்டன்ஸ் எடுத்தா. 'தேவானை'ன்னு கூப்ட்டா. பதில் இல்ல. ஆப்சென்ட் போட்டா. அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்துது, அவ எங்க இருக்கான்னு."

மாமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த பேர் என்னோடது. எழுந்து நின்னு, 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்."