இறக்கி வைத்த எண்ணெய்

திதி செய்துவைக்கும் வாத்தியாரின் போன் வந்தபோது பட்டு இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இரண்டு மிளகு போட்டிருந்தாள். அவை வெடிக்கத் தொடங்கியிருந்தன.

"திதி ஞாயித்துக்கிழமை இல்லையாம். நாளைக்கே" என்றார் கணவர் விஸ்வநாத், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

அப்பாவின் திதியை அவர் செல்போனில் இருந்த பஞ்சாங்கத்தில் பார்த்திருந்தார். அது சூரியோதயத்துக்கு என்ன திதி என்று காட்டும். சிராத்தத்துக்குப் பிற்பகலில் இருக்கும் திதிதான் கணக்கு. ராணுவ ஆய்வுக்கூடத்தில் ரசாயனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தான் பார்த்த தேதியை அண்ணா வீட்டுக்கும் சொல்லியிருந்தார்.

பட்டு அடுப்பை அணைத்தாள். அந்தக் குடும்பத்தில் திதிக்கு முதல் நாளும் அன்றும் சமைக்கிறவள் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது.

தலையில்தான் பிரச்சினை. முந்தின நாள் மாலை சைனிக்புரி பெண்கள் சங்கத்தில் வண்ண விழா. மாதாப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஹம்ஸினி சிவப்பு ஸ்பிரே ஒன்றை வாங்கிவந்து, முன் தலையில் பட்டை பட்டையாக அடித்துவிட்டாள். "ஒரே வாஷ் மா, போயிடும்" என்றாள். கறுப்பு முடியில் போயிருக்கும். பட்டுவுக்கு நாற்பதிலேயே நரைத்துவிட்டது. சாயம் பூசியதே இல்லை. வெள்ளை முடி சிவப்பைக் குடித்துவிட்டது. காலையில் ஷாம்பு போட்டுக் குளித்தும் செம்பருத்தி நிறம் அப்படியே இருந்தது. எண்ணெய் ஊறவைத்துச் சீயக்காய் தேய்த்தால் இளகிவிடும் என்றுதான் கரண்டியை எடுத்தாள்.

பதினெட்டு வருஷமாக மாமனார் திதி விஸ்வநாத்தின் அண்ணா, பெரியவர் வீட்டில் நடந்தது. ஓரகத்தி லலிதா சமைப்பாள். பட்டு காய் நறுக்குவாள். ஒரு வருஷம்கூடக் கரண்டி கைக்கு வந்ததில்லை. இந்த வருஷம் பெரியவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. அந்த மாடி வீட்டுக்கு ஏற முடியாத வாத்தியாரும் சேர்ந்துகொள்ள, திதி இங்கே வந்தது. இந்தத் தலையோடு நின்றால் லலிதா மடிப்புடவையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அதற்கு அவளுக்கு ஒரு சாக்குப் போதும்.

"கொஞ்சம் தேச்சுக்கோயேன். யாருக்குத் தெரியப்போறது?" என்றார் விஸ்வநாத்.

"எனக்குத் தெரியுமே."

"கண்டிஷனர் போடு மா. எண்ணெய் நக்கோ, வேண்டவே வேண்டாம்" என்றாள் ஹம்ஸினி, உள்ளூர் உருதுவைக் கலந்து.

பட்டு கணவரைப் பார்த்தாள். "அதுல என்ன இருக்கு?"

அவர் கண்டிஷனர் பாட்டிலைத் திருப்பிக் கண்ணாடி இல்லாமல் படிக்க முயன்றார். "கெமிஸ்ட்ரிப்படி பாத்தா கொழுப்புதான். எண்ணெயோட தாயாதின்னு வெச்சுக்கோயேன்."

"அப்போ வேண்டாம்."

"கைக்கு பா, எதுக்கு இப்ப இதெல்லாம் சொல்றே?" என்று ஹம்ஸினி அப்பாவின் தோளில் அடித்தாள்.

பொடுகு ஷாம்பு வாங்கிவரச் சொன்னாள் பட்டு. அதில் ஆப்பசோடாவைக் குழைத்து, முன் முடியில் அப்பி, பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு எள்ளை வறுத்தாள். பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் விட்டு அலசினாள். தண்ணீர் ரோஜா நிறமாக ஓடியது. மறுபடி அப்பினாள், மறுபடி அலசினாள். தண்ணீர் தெளிந்துவிட்டது. முடி தெளியவில்லை. வைக்கோல்போல் மொரமொரத்தது. நெற்றிக்கு மேல் ஒரு கற்றை மட்டும் வெளிறிய சிவப்பில் நின்றது.

"அம்மா, பாக்கறதுக்கு டிசைனர் மாதிரி இருக்கே" என்றாள் ஹம்ஸினி.

"நீ வாயை மூடிண்டு வாழை இலையைத் துடை."

மறுநாள் காலை பட்டு தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் முடிந்து, மடிசாரோடு அடுப்பைப் பற்றவைத்தாள். பயத்தம்பருப்பு வேகும்போது ஆட்டோ வந்து நின்றது. விஸ்வநாத் அண்ணாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். லலிதா தன் மடிப்புடவையைப் பையில் எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது, ஹோலிக்குப் போயிட்டு வந்தியா?"

"ஹம்ஸினி அடிச்சுவிட்டா மன்னி. போகமாட்டேங்கறது."

"நன்னாருக்கு. அப்பாவுக்குச் சாதம் போடற தலையா இது? நல்லெண்ணெய் வெச்சிருந்தா ஒரு நிமிஷத்துல போயிருக்குமே. அதுகூடவா தெரியாது?"

"காய்ச்சிண்டுதான் இருந்தேன். வாத்யார் போன் வந்தது. இறக்கி வெச்சுட்டேன்."

லலிதாவின் கை தன் கொண்டைக்குப் போனது. அது பளபளவென்று இருந்தது. நேற்று வெள்ளிக்கிழமை. திதி ஞாயிறு என்று நம்பி, வெள்ளிக்கிழமை வழக்கப்படி விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் அவள். போன் அதற்குப் பிறகுதான் வந்தது. சீயக்காய் வாசனை அடுப்படி வரை வந்திருந்தது.

பட்டு பருப்பைக் கிளறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் நேத்துக் கார்த்தாலேயே…" என்று ஆரம்பித்த லலிதா நிறுத்திக்கொண்டாள். மடிப்புடவைப் பையைக் கூடத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள்.

"அருவாமணை எங்கே இருக்கு?"

"அந்த மூலையில. வாழைக்காயைப் பெரிசு பெரிசா நறுக்கிடாதீங்கோ, மன்னி."

பதினெட்டு வருஷம் லலிதா சொல்லிவந்த வாக்கியம் அது. லலிதா உட்கார்ந்து, சின்னதாகவே நறுக்கினாள்.