அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ‘சுங்குடி’ என்று போட்டே ஆக வேண்டும் என்றாள் மனைவி. இல்லாவிட்டால் இது யார் வீட்டுக் கல்யாணம் என்று திண்டுக்கல்லில் ஒருத்தருக்கும் தெரியாதாம். சம்பந்தி வீட்டார் காரணம் கேட்டால் என்ன சொல்வது? எட்டாம் வகுப்பில் ஆத்தூர் அணைக்குச் சுற்றுலா போனபோது, முன்சீட்டு டீச்சரின் புதுச் சுங்குடிச் சேலையில் வாந்தி எடுத்தேன் என்றா?

அன்று ஒட்டிய பெயர். அரசு உத்தியோகத்தில் அதிகாரியாக ஓய்வு பெற்ற அன்றும் பேனரில் ‘சுங்குடி சார்’ என்றுதான் இருந்தது. மரியாதைக்கு ஒரு சார். ஊரே கூப்பிட்டாலும் என் வாயால் ஒரு நாளும் நான் அதைச் சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னாலாவது மனுசனாக நிற்க ஆசைப்பட்டு, அச்சகத்தில் அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

மாதிரித் தாள் வந்த அன்று, கல்யாணத்துக்குப் பூ பேச என் வகுப்புத் தோழன் வந்தான். ஆத்தூர்ப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவன். அந்தச் சுற்றுலா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘சுங்குடி’ இல்லாததைப் பார்த்தான்.

“ஏலே, அன்னிக்கு வாந்தி எடுத்தது நான்டா. வாயத் தொடைக்க நீதான் துண்டு குடுத்த. டீச்சர் திரும்பையில நான் தொடச்ச துண்டு ஒங் கையில இருந்துச்சு.”

புளுகாதே என்றேன். வளைவில் பஸ் திரும்பியது, புளிச்சோறு தொண்டைக்கு ஏறியது, கண்ணில் நீர் முட்டியது, எல்லாம் எனக்கு நேற்று நடந்ததுபோல் ஞாபகம் இருக்கிறது. புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்ததே தான்தான் என்றான் அவன். நான் அன்று சாப்பாடே கொண்டுவரவில்லையாம். அது உண்மை, வீட்டில் அரிசி இல்லை. வெறும் வயிற்றுக்காரன் நான் எதை வாந்தி எடுத்திருப்பேன்?

“வாட்ஸ்அப் குரூப்புல இன்னைக்கே போட்டுர்றேன். இனி என்னய அப்படிக் கூப்புடட்டும்.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ அசாத்தியக் கோபம். இத்தனை வருடம் கேலியைத் தின்றவன் நான். ஊருக்கே தெரிந்த பெயர் இவனுக்கா? வாயைத் திறந்தால் கல்யாணத்துக்கே வராதே என்று விரட்டினேன். பூவுக்கு மட்டும் சொல்லிவைத்தேன்.

அவன் தெருமுனை தாண்டியதும் அச்சகத்துக்குப் போன் போட்டேன். என் பெயரைச் சொன்னேன். எந்த ஊர், என்ன விசேஷம் என்று இழுத்தார்கள்.

“சுங்குடி பேசுறேன்,” என்றேன்.