கடல்காரி எடுத்த கேனோ

இசைவாணிக்கு நீச்சல் தெரியும், துடுப்புப் போடத் தெரியும், பிச்சாவரம் சதுப்புக்காட்டில் எந்த வாய்க்கால் எங்கே போய் முட்டும் என்று தெரியும். தெரியாதது ஒன்றுதான், கடல். கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்து, அப்பா கண்ணாயிரத்தின் ஃபைபர் போட் அலையில் ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவளுக்குக் கடல் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நிஜம். அவர்கள் தெருவில் பெண்கள் போட்டில் கால் வைக்க மாட்டார்கள். மீனைக் கூடையில் வாங்கலாம், ஐஸ் போடலாம், ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தலாம். ஏறக் கூடாது, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் காரணம் சொன்னதில்லை. கேட்டவளை முறைத்ததோடு சரி.

துடுப்பை அவள் முதன்முதலில் கையில் பிடித்தது இருபத்தாறு வயதில். சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, ஹாஸ்டலில் வாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை பார்ப்பவர்கள் இழுத்தார்களே என்று பிச்சாவரம் போனாள். மேல வீதியில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் சுரேந்தர் அங்கே ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு துடுப்புக் குழு நடத்திக்கொண்டிருந்தார். அவள் துடுப்பை வீசிய அழகைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். “அட, கடல்காரி! உனக்குப் போயி நாங்க என்னத்த சொல்லித் தர்றது?” என்றார்.

அவள் சிரித்தாள். நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்திலேயே வாயைத் திறந்து, ‘இல்லண்ணா, நான் போட்டுல ஏறினதே இல்ல’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்? அன்றைக்குச் சிரித்த சிரிப்பு மூன்று வருஷம் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

ஒரு பொய்யைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு இருக்கிறதே! ஊரில் அப்பாவுக்குத் துடுப்பு விஷயம் தெரியாது. குழுவில் யாருக்கும் அந்தத் தெருவின் வழக்கம் தெரியாது. அங்கே ஒளித்தது இங்கே தெரியாமலும் இங்கே ஒளித்தது அங்கே தெரியாமலும் பார்த்துக்கொண்டாள். குழுவில் சின்னவளான தீபிகா மட்டும் சும்மா இருக்க மாட்டாள். கடலூர்க்காரிதான், பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடு, சிதம்பரத்தில் பேங்க் வேலை. புயல் வந்தால் எப்படி இருக்கும், கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிருக்கிறீர்களா அக்கா என்று நச்சரிப்பாள். அப்பா வீட்டில் பேசுவதைக் கேட்டு வைத்திருந்ததை இசைவாணி தான் பார்த்ததுபோல எடுத்துவிடுவாள். அந்தப் பெண்ணும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

போன மழைக்காலத்தில் குழு மலபார் பக்கம் ஓர் ஆற்றுக்குப் போனது. கேனோ என்றால் மேலே மூடி இல்லாத ஒடுக்கமான படகு. முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் மட்டும் மட்டை உள்ள துடுப்பால் தள்ள வேண்டும். இருந்த பழைய கேனோவில் லேசான சுழிப்புகளைத் தாண்டிவிட்டார்கள். எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அதற்கு மேலே உள்ள பகுதியில் பாறை ஜாஸ்தி, தண்ணீர் படிபடியாக விழும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்துக்குள் படகைச் சட்டென்று திருப்பி நிறுத்தி, அடுத்ததைப் பார்த்து இறங்க வேண்டும். இந்தப் படகோடு அங்கே வராதீர்கள், அதற்கென்று ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் அந்த ஆற்றின் வழிகாட்டி.

புதுச்சேரியில் மூடப்போகிற ஒரு சாகச முகாமில் இரண்டு கேனோக்கள் இருப்பதாகச் சுரேந்தர் தகவல் கொண்டுவந்தார். ஒன்றைத்தான் எடுக்க முடியும். எதை எடுப்பது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை, ஏழு தலையும் இசைவாணி பக்கம் திரும்பியது. அவளும் சரி என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள். 

மறுநாள் காலையில் அப்பாவுக்குப் போன் போட்டாள். கூட வேலை பார்ப்பவளின் அண்ணன் ஒரு போட் எடுக்கப் போகிறார், எப்படிப் பார்த்து எடுக்கணும் என்று கேட்டாள். கண்ணாயிரத்துக்கு அந்தப் பேச்சு என்றால் சோறு வேண்டாம். அரை மணி நேரம் சொன்னார். நீளமாக இருக்கணும். ஏரா, அதாவது அடிக்கட்டை, முனையிலிருந்து முனை வரை நூல் பிடித்ததுபோல நேராக ஓடணும், கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லு. அப்போதுதான் அலையை நேராக அறுத்துக்கொண்டு போகும், நீரோட்டத்தில் பக்கவாட்டில் தள்ளாது. முனை தூக்கின குட்டைப் போட் நின்ற இடத்திலேயே சுத்தும், அதை வாங்காதே என்று சொல்லு. அத்தனையும் அட்சரம் பிசகாமல் சரி. கடலுக்கு.

எந்தத் தண்ணீருக்கு என்று அவர் கேட்கவில்லை. குப்பத்தில் யார் அதைக் கேட்பார்கள்? போட் என்றால் கடல்தான். அவளும் சொல்லவில்லை. ஆறு என்று சொன்னால் எந்த ஆறு என்பார், எந்த ஆறு என்றால் யார் போவது என்பார்.

புதுச்சேரியில் பச்சை நிறத்தில் பதினாறு அடி நீளத்துக்கு ஒன்று, சிவப்பில் குட்டையாக ஒன்று கவிழ்த்து வைத்திருந்தார்கள். இசைவாணி பச்சைக் கேனோவின் அடியை முனையிலிருந்து முனை வரை தடவினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோட்டம் பார்த்தாள். அந்தச் சிவப்பு, இரண்டு முனையும் தூக்கி, அடி வளைந்து கிடந்தது. இது படகில்லை, குளிக்கிற தொட்டி என்று அவள் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பச்சைக் கேனோவை வேன் மேலே கட்டினார்கள்.

இந்த ஆடியில் மறுபடி ஆற்றுக்குப் போனார்கள். வழிகாட்டி கேனோவைப் பார்த்ததும் முகம் சுளித்தார். நீளம் ஜாஸ்தி, இது பாறைக்கு நடுவே திரும்பாது என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். தலைக்கு மேல் வந்துவிட்டதைத் தள்ளிப்போட அப்போதும் ஒரு வழி இருந்தது. சரி சேட்டா, இன்று வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இசைவாணி சொன்னது வேறு. “நான் கடல்லயே ஓட்டினவ. இது எனக்கு ஒன்னும் புதுசு இல்ல.” அதுவரை கேட்ட கதையைச் சொல்லிச் சமாளித்தவள், தானே கடலில் ஓட்டியதாக முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அந்த மனிதர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். முன்னால் தீபிகா, பின்னால் அவள்.

முதல் பாறைக்குப் பின்னால் திருப்ப வேண்டும். இசைவாணி பலம் கொண்ட மட்டும் துடுப்பை நெம்பினாள். கேனோ அசையவில்லை. அப்பா சொன்னபடியே நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. அடுத்த பாறையில் முனை இடித்து, பதினாறு அடியும் குறுக்கே திரும்பி, உள்ளே தண்ணீர் ஏறி, படகு பாறையோடு ஒட்டிக்கொண்டது. தீபிகாவின் இடது கை நடுவில் மாட்டியது. வழிகாட்டியின் ஆட்கள் கயிறு போட்டு இழுத்து எடுப்பதற்குள் மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது.

இதுவரைகூட மன்னிக்கலாம். கரையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோது என்ன ஆச்சு என்று சுரேந்தர் கேட்டார். தீபிகா வலியில் பேச முடியாமல் கிடந்தாள். இசைவாணி சொன்னாள்: “பயத்துல அவ தப்பான பக்கம் சாஞ்சிட்டாண்ணா.” எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தீபிகா கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்புதான் இசைவாணியைத் தின்றது. லேபில் ஊசி குத்தும்போது யாராவது மணிக்கட்டை நீட்டினால் பக்கத்தில் இருப்பவளைக் குத்தச் சொன்னாள். தீபிகா குழுவை விட்டுப் போவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். என்னால்தான் எல்லாருக்கும் கெட்டுப்போச்சு, ஸாரி என்று எழுதியிருந்தாள். கீழே ஆறு பேர் பரவாயில்லை, பரவாயில்லை என்று போட்டிருந்தார்கள். இசைவாணியும் ஒரு பரவாயில்லை போட்டாள். போட்டுவிட்டு அந்தப் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு. தன்னைத்தான் எறிய வேண்டும் என்றும் தெரிந்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனாள். அம்மா அமராவதி மீன் விற்கப் போயிருந்தாள். வாசலில் வலையின் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாயிரம், அந்த அண்ணன் போட் எடுத்தாரா, எப்படி ஓடுதாம் என்று ஆசையாகக் கேட்டார். இசைவாணியால் அடக்க முடியவில்லை. உடைந்து அழுது, சிரிப்பிலிருந்து மணிக்கட்டு வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

கண்ணாயிரம் வலையைக் கீழே வைத்தார். “பாறை உள்ள தண்ணிக்கா?” என்றார். “கல்லுக்கும் சுழிப்புக்கும் குட்டைதானே வேணும், அடி வளைஞ்சி, நெனச்ச எடத்துல திரும்புறாப்புல. முகத்துவாரத்துல போறவன் அப்படித்தானே எடுப்பான். எதுக்குன்னு ஏம்மா சொல்லல?”

“திட்டுவீங்கன்னுதான்பா.”

“திட்டியிருப்பேன்,” என்றார் அவர். “திட்டிட்டுச் சரியா சொல்லியிருப்பேன்ல?”

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அவள் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் சிவப்புக் கேனோ வந்திருக்கும், அந்தப் பெண்ணின் கை முழுசாக இருந்திருக்கும். படகு பார்க்கத் தெரியாததால் வந்த வினை இல்லை இது. அவமானத்துக்குப் பயந்ததால் வந்தது. முகம் கழுவிக்கொண்டு நேரே ஷேர் ஆட்டோ பிடித்துத் தீபிகா வீட்டுக்குப் போனாள்.

கையில் மாவுக்கட்டோடு கதவைத் திறந்த தீபிகாவுக்கு அவளைப் பார்த்ததில் அத்தனை சந்தோஷம். “வாங்கக்கா” என்று ஒற்றைக் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த உபசாரம் இசைவாணியைக் கூனிக் குறுக வைத்தது. உட்காராமல் நின்றபடியே சொன்னாள். கடலுக்குப் போனதே இல்லை என்றாள். நீ சாயவில்லை, தப்பு என்மேல்தான், படகைத் தப்பாக எடுத்தேன், கரையில் உன்மேல் பழி போட்டேன் என்றாள்.

தீபிகா முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “எனக்கும் அந்தச் சேப்புதான் சரின்னு பட்டுதுக்கா,” என்றாள். “ரெண்டு மாசமா வீடியோ பாத்துப் பாத்து எழுதி வச்சிருந்தேன். புதுச்சேரிக்கு எடுத்துக்கினுகூட வந்தேன். நீங்க தொட்டின்னு சொன்னதும் வெளிய எடுக்கல. கடல்காரிக்கு நாம போயி சொல்றதான்னு வெக்கமா இருந்துச்சு.”

  மன்னிப்புக் கேட்கக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று இசைவாணிக்குப் பட்டது.

“எங்கிட்ட சொன்னா ஆச்சா?” என்றாள் தீபிகா. “அவுங்க எல்லாம் நான் பயந்து சாஞ்சதா நெனச்சினு இருக்காங்க. அவுங்ககிட்ட சொல்லுங்க.”

இசைவாணி அங்கேயே நின்றபடி சுரேந்தருக்குப் போன் போட்டாள். தீபிகாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். கடையில் ஆள் இருந்தது போல, மாத்திரை அட்டை கிழிக்கும் சத்தம் கேட்டது. அண்ணா, நான் ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை என்றாள்.

சுரேந்தர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்கிட்டயேவா? கடல்காரி, காமெடி பண்ணாத. கடையில கூட்டமா இருக்கு, சாயங்காலம் பேசறேன்” என்றார்.

வைத்துவிடலாம். சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை என்று திரும்பிப் போய்விடலாம். எதிரே மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தீபிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வச்சிடாதீங்கண்ணா,” என்றாள் இசைவாணி.  முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.