எனக்குத் திமிரா என்று தெரிந்துகொள்ள ஆன செலவு

டிரைவிங் ஸ்கூலில் கற்றுத்தருகிறவருக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துத் தருவார்கள். வாய்க்கு மட்டும் வைத்துத் தருவதில்லை. நான் தாம்பரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். பெயர் ஸ்டெல்லா, வயது நாற்பத்தொன்று. பள்ளிக்கூடம், மாமியார் வீடு, முன்பு வேலை பார்த்த இடங்கள் என்று எல்லா இடத்திலும் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் 'திமிர் பிடித்தவள்'. இதைப் படிக்கிறவர்களில் அதே பட்டம் வாங்கியவர்கள் எப்படியும் நாலு பேர் இருப்பீர்கள். அது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

கேட்டதற்குப் பதில்

மாடம்பாக்கத்தில் ஒரு பேங்க் ஆபீசரம்மா. கடைசி கிளாஸ் அன்று வண்டியைத் தன் வீட்டு கேட் வரைக்கும் ஓட்டி வந்தார். மாமியார், வீட்டுக்காரர், குழந்தை எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எப்படி மேடம் ஓட்டறேன்?" என்று சத்தமாகக் கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பிரேக், கிளட்ச் எல்லாம் நான்தான் போட்டேன். நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க" என்றேன். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேதான் வினை.

மறுநாள் ஓனர் ரஃபீக் பாய் கூப்பிட்டார். தங்கமான மனிதர். ஆனால் என் மேல் வந்த புகார் அது ஒன்றல்ல. இனி ஒன்று வந்தாலும் வண்டியிலிருந்து இறக்கி, ஆபீஸில் போன் எடுக்கிற வேலைக்குப் போட்டுவிடுவேன் என்றார். வாய்தான் பிரச்சினை என்றால் வாய் வேலைக்கா அனுப்புவார்கள்? அதையும் கேட்டுவிட்டேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "சொல்லிக்குடுக்கறதுல உன்ன அடிச்சுக்க ஆள் இல்லம்மா. ஆனா ஜனங்க காசும் குடுத்து, திட்டும் வாங்கிக்கினு போகணுமா, சொல்லு?"

பக்கத்து சீட்

இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசலாம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே ரூட்தான். கேம்ப் ரோட்டில் ஆரம்பித்து மாடம்பாக்கம் கோயில் வரை, திரும்ப அதே வழி. வேறு வழியில் போகலாமா என்று யாராவது கேட்டால் காதில் விழாத மாதிரி அதே ரூட்டைக் காட்டுவேன்.

நிவேதா என்று ஒரு பெண் கற்றுக்கொள்ள வந்தாள். சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் டீச்சர். ஒருநாள் பின்னால் வந்த பஸ்காரர் ஏர் ஹாரன் அடிக்க, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். நல்லவேளை, பிரேக்கை அவளே போட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, ஆட்டிசத்துக்கு எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? பெரியவங்களுக்கும் பண்றாங்க" என்றாள். அதெல்லாம் குழந்தைகளுக்கு வருவது, எனக்கு எதற்கு என்று கேட்டேன். "என் கிளாஸ்ல உங்கள மாதிரி ஆறு பேர் இருக்காங்கக்கா. எல்லாருக்கும் ஏழு வயசு."

குழந்தைக்கு என்ன வயது?

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வருடம் வாங்கிய பேச்சுக்குக் காரணம் திமிரா, வேறு ஏதாவதா? வேறு ஏதாவது என்றால் எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். திமிர்தான் என்றாலும் தெரிந்துவிட்டுப் போகட்டும். போனை எடுத்து ஒவ்வொரு இடமாக விசாரித்தேன். அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லை என்றார்கள். ஆனால் பல நாள் அலைய வேண்டியிருக்கும், எனக்கோ லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. தனியார் இடங்களில் பாதிப் பேர் பெரியவர்களைப் பார்ப்பதில்லை. பார்க்கிற ஓர் இடம் கேளம்பாக்கம் பக்கத்தில் கிடைத்தது. அவர்கள் சொன்ன தொகை என் ஒன்றரை மாதச் சம்பளம்.

அந்தத் தொகையைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். போனை எடுத்த பெண் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டாள். நாற்பத்தொன்று என்றேன். அவள் மிகவும் பொறுமையாகச் சொன்னாள்: "மேடம், போனை குழந்தையோட அம்மாகிட்ட குடுங்க."

பதினாறு வருடம்

என் கணவர் ஜெயராஜ் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்கு வண்டி அனுப்புகிற பிரிவில் இருக்கிறார். கம்பெனி இன்ஷூரன்ஸில் இது வருமா என்று கேட்டுப் பார்த்தார். பல் பிடுங்கினால்கூடத் தருவார்களாம், இதற்குக் கிடையாதாம். அப்போது எங்கள் வீட்டு பிரிட்ஜ் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தோம். அந்தப் பணத்தைத் தொட எனக்கு மனசே வரவில்லை. "ஒரு பேப்பருக்கு இவ்வளவு தண்டம் அழணுமா?" என்று கேட்டேன்.

அவர் பிரிட்ஜுக்கு அடியில் துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டே சொன்னார்: "பதினாறு வருஷமா மேனுவல் புக் இல்லாமலே ஓட்டிக்கிட்டு இருக்கேன் ஸ்டெல்லா. மேனுவல் என்ன விலைன்னாலும் வாங்கிடு."

பேக்கேஜ்

லீவு கேட்கப் போனபோது பாயிடம் உள்ளதைச் சொன்னேன். எனக்குப் பேரம் பேச வராது. சொன்ன விலைக்கு வாங்கிவிடுவேன், இல்லை வாங்காமல் வந்துவிடுவேன். பாய்க்கு அது பொறுக்கவில்லை. "நம்பரக் குடும்மா" என்று வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் ஸ்கூலில் கிளாஸ், லைசென்ஸ் செலவு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேக்கேஜ் வைத்திருக்கிறோம். அதே மாதிரி இதற்கும் உண்டா, இரண்டு நாளில் செய்வதை ஒரே நாளில் முடித்தால் குறையுமா, டாக்டர் வீட்டு ஆட்களுக்குக் கார் கற்றுத்தந்தால் அதில் கழித்துக்கொள்வார்களா என்று பத்து நிமிடம் பேசினார்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், இது டெஸ்ட்டுக்கு மட்டும்தான். டீடெயில் ரிப்போர்ட் வேணும்னா தனி" என்றாள். பாய் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ரிப்போர்ட் காசு நான் தருகிறேன் என்று அவரே சொல்லி, சொன்னபடி தரவும் செய்தார். ஆனால் அன்றைக்கு முதலில் அவர் வாயில் வந்தது இதுதான்: "லைசென்ஸ் தனின்னு சொல்ல எனக்கு இத்தன வருஷமா தோணலியேம்மா!"

குட்டி நாற்காலி

சின்ன வயதில் என்னைப் பார்த்தவர் யாராவது கூட வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சிட்லபாக்கத்தில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவை அழைத்துப் போனேன். ரிட்டயர்டு டீச்சர். சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையில் வந்தாள். டெஸ்ட் என்றால் வெறும் வயிற்றில்தான் என்று அவளும் சாப்பிடவில்லை, என்னையும் சாப்பிட விடவில்லை. அங்கே போனால் காத்திருக்கும் இடத்தில் எல்லாம் முழங்கால் உயரக் குட்டி நாற்காலி. சுவர் பூராவும் யானை, ஒட்டகச்சிவிங்கி.

முதலில் அம்மாவைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பையனின் அம்மா, "உங்க பையன் உள்ள இருக்கானா?" என்று கேட்டார். இல்லைங்க, எங்க அம்மா உள்ள இருக்காங்க என்றேன். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "ஐயோ பாவம், இந்த வயசுலயா கண்டுபிடிச்சீங்க?"

சம்பந்தம் பேச வந்த அம்மா

கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னையும் உள்ளே அழைத்தார். சைக்காலஜிஸ்ட்தான், ஆனால் நாங்கள் டாக்டர் என்றே சொன்னோம். சின்னப் பெண். குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தாள். "அம்மா சொல்றதப் பார்த்தா உங்களுக்குச் சின்ன வயசுல எந்தப் பிரச்சினையும் இல்லையே?" என்றாள். என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் பெண்ணைப் பற்றிக் கேட்டால் அம்மாவுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்; மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்ன பதில். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள், சொன்ன பேச்சு கேட்பாள், சமையல்கூட நன்றாக வரும். அத்தனையும் பொய். போட்ட காசு மொத்தமும் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது.

"அம்மா, இதுக்கு எவ்வளவு கட்டியிருக்கேன் தெரியுமா?" என்று தொகையைச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். திருப்பித் தருவார்களா என்று டாக்டரிடம் கேட்டாள். தர மாட்டார்கள் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கிறிஸ்துமஸ் விழாவில் மைக் சத்தம் தாங்காமல் நான் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்தது, சோற்றில் குழம்பு பட்டால் தட்டையே தள்ளிவிட்டது, சித்தி கல்யாணத்தில் சித்தியிடமே "உன் முகத்துல மாவு அதிகம்" என்று சொன்னது. எல்லாம் வந்தது.

கடைசியில் எனக்கே தெரியாத ஒன்றையும் சொன்னாள். மத்தியானம் நான் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவதை, அதே பள்ளியில் டீச்சராக இருந்த அவள் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம். அவளுக்கும் சாப்பாடு இறங்காதாம். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்துவிட்டது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அம்மா குடிக்கவில்லை. "எல்லாரும் திமிருன்னாங்க டாக்டர். நானும் அப்படித்தான் நெனச்சு அடிச்சிருக்கேன். அதையும் எழுதிக்கோங்க."

ரிப்போர்ட்

இரண்டாவது முறை போனபோது முடிவைச் சொன்னார்கள். ஆட்டிசம்தான், பிறந்ததிலிருந்தே இருப்பது, என் மூளை வேலை செய்கிற விதமே அதுதான் என்று டாக்டர் நிதானமாக விளக்கினாள். எனக்கு அழுகை வருமோ என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அவ்வளவுதான், வேறு வார்த்தை தேட வேண்டாம்.

அம்மாதான் விடவில்லை. "அப்ப இது திமிர் இல்லதான?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் டாக்டர். "அத ரிப்போர்ட்ல எழுதிடுங்க." அந்த வார்த்தையெல்லாம் ரிப்போர்ட்டில் போடுவதில்லை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்: "போடுங்க டாக்டர். திட்டினவங்க எல்லாருக்கும் நான் காட்டணும். முழுசா காசு கட்டியிருக்கோம்ல."

முதல் கிளாஸ்

பாய் என்னை வண்டியிலேயே விட்டுவைத்தார். இப்போது யார் சேர்ந்தாலும் முதல் கிளாஸிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, கேட்டால் உள்ளதைச் சொல்வேன், அதில் கோபம் கிடையாது, பொய்யான பாராட்டு வேண்டுமென்றால் கேட்காதீர்கள். முதல்முறை சொன்னபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சேலையூர் அக்கா என்ன சொல்வாரோ என்று என் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேன். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "அதுக்கென்ன மேடம், நீங்க உண்மையத்தான சொல்றீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டப்ப பொய்யும் சொன்னார், திட்டவும் செஞ்சார்."

நாற்பத்தொரு வருடமாக ஊரே ஓசியில் கொடுத்த ஒரு பட்டத்தை மாற்றிக்கொள்ள ஒன்றரை மாதச் சம்பளம் ஆனது என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், சல்லிசுதான்.