மணி, வயசு நாலு, மலேரியா

நாய்க்கு மலேரியா வருமா? தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. போன வாரம் முழுக்க எனக்கு இதே குழப்பம்தான்.

எங்க நாய் மணி ரெண்டு நாளா சோத்தைத் தொடல. உடம்பு அனலாக் கொதிக்குது. ஈறு வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒண்ணுக்கு டிகாக்‌ஷன் நிறத்துல போகுது. பென்னலூர்ல இருந்து ஆட்டோ பிடிச்சு, ஸ்ரீபெரும்புதூர் மாட்டு டாக்டர்கிட்ட ஓடினோம்.

டாக்டர் காதுக்குப் பின்னால இருந்து ஒரு உண்ணியைப் பிடுங்கிக் காட்டினார். "இது கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறியிருக்கலாம். என்ன கிருமின்னு தெரியாம ஊசி போட்டா, ஊசியே ஆளைத் தூக்கிடும்." காது நுனியில குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடுல தேய்ச்சு, பஸ் ஸ்டாண்டு லேப்ல குடுக்கச் சொன்னார். மனுஷங்களுக்கான லேப்தான். வேற ஏது?

நான் நாயோட உக்காந்துட்டேன். கொண்டுபோனது என் வீட்டுக்காரர். செகண்ட் ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு பறக்கிற மனுஷன். பேர்? மணி. வயசு? நாலு. அப்பா பேர்? — தன் பேரைச் சொல்லிட்டு வந்துட்டார்! "கேட்டாங்க, சொன்னேன்"கிறார். இவரை என்ன பண்ண?

சாயங்காலம் ரிசல்ட் வந்துது. மலேரியா!

அப்போ கடிச்சது உண்ணியா, கொசுவா? வீட்ல ரெண்டு பசங்க வேற... டாக்டர் சீட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், என்னையும் கூட்டிக்கிட்டு லேபுக்கே நடந்தார். மைக்ராஸ்கோப்புல ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தார்.

"இது மலேரியா இல்ல, உண்ணி ஏத்தின வேற கிருமிம்மா. இதுவும் சிவப்பணுவுக்குள்ளதான் குடியிருக்கும். ரெட்டை ரெட்டையா பேரிக்கா மாதிரி தெரியுதா?"

நானும் பாத்தேன். எல்லாம் புள்ளியாத்தான் தெரிஞ்சுது. திரும்பி வந்து மணிக்கு ஊசி போட்டார். பொழைக்குமான்னு கேட்டேன். காலையில தெரியும்னார். வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தேன்.

காலையில மணி தலையைத் தூக்கிச்சு. அப்பாடான்னு நிமிர்ந்தா, வாசல்ல மலேரியா டிபார்ட்மெண்ட் ஆள், கையில மாத்திரையோட! திருத்தறதுக்குள்ள லேப்ல இருந்து தகவல் போயிடுச்சாம்.

"பையன் எங்கம்மா?"

கையைக் காட்டினேன். மணி வாலை ஆட்டிச்சு.

"இன்னாம்மா, காலங்காத்தால வெளாடுறியா?"

எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே? நாயோ நரியோ, பேர் ஏறிட்டா வீட்ல எல்லார் ரத்தமும் எடுத்தாகணுமாம். ரூல்ஸ்! நாலு பேர் விரலையும் குத்திட்டுப் போனார்.

மணி நேத்து தயிர்சோறு தின்னுச்சு, இன்னைக்கு அடுத்த வீட்டுக் கோழியைத் துரத்துது.

எங்க நாலு பேர் ரிசல்ட்தான் இன்னும் வரல.